அக்கா பாஸ் பண்ணிய ரீல்

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எந்த வரியில் எத்தனை தப்பு என்று ஒரு தாளில் குறித்துத் தபாலில் திருப்பி அனுப்புவார். பெயர் இல்லாவிட்டால், வேறு யாரையோ சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ளலாம்.

என் மனைவி பியூலாவின் அக்கா அவர். இப்போது ராணிப்பேட்டையில் இருக்கிறார். நான் சொல்வது, அவர் தங்கவயலில் இருந்த காலம். மண் அள்ளும் பெரிய இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. செய்து முடித்த பாகங்கள் அவர் மேஜைக்கு வரும். அளந்து பார்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். பச்சை என்றால் பாஸ், சிவப்பு என்றால் ரிஜக்ட், மஞ்சள் என்றால் ரீவொர்க், அதாவது திருத்திக் கொண்டுவா, மறுபடி பார்க்கலாம். அந்த மூன்று சாக்பீஸும் சாயங்காலம் கைப்பையில் ஏறி அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆள் தங்கவயல் ஊரிகத்தில் அவர்கள் தெருவுக்கு வந்தால் முதலில் அக்கா வீட்டுக்குத்தான் போவான். அவர் ரிஜக்ட் செய்ததை அடுத்த வீட்டில் தள்ளிவிடலாம் என்ற கணக்கு. ஆனால் சிலிண்டரின் நெற்றியில் சிவப்புக் கோடு இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். தையல்காரர் அக்காவின் ரவிக்கையைக் கொடுக்கும்போது அளவு நாடாவையும் சேர்த்தே கொடுப்பார். கோயிலில் புது பெஞ்சு போட்டபோது, பாஸ்டர் பிரசங்கத்தில் சாலொமோன் ஆலயம் கட்டிய இடத்துக்கு வந்த நேரத்தில், அக்கா குனிந்து காணிக்கை உறையை நான்காக மடித்து பெஞ்சின் ஆடுகிற காலுக்கு அடியில் சொருகிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கிறிஸ்துமஸ் வந்தால் தெருவே நடுங்கும். வீட்டுக்கு வீடு கேக்கும் கல்கல் பலகாரமும் தட்டில் போகுமே, அக்கா வீட்டிலிருந்து அந்தத் தட்டு திரும்பி வரும்போது அவர்கள் செய்த அச்சு முறுக்கோடு ஒரு சின்னச் சீட்டும் இருக்கும். ‘அடியில் இரண்டு மில்லிமீட்டர் கருகல். முந்திரி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. ருசி சரி.’ திட்டிக்கொண்டேதான் படிப்பார்கள். ஆனால் எந்த வருடமும் யாரும் அவருக்குத் தட்டு அனுப்பாமல் இருந்ததில்லை. ‘ருசி சரி’ என்று அக்கா எழுதிய சீட்டை ஒரு வீட்டில் கண்ணாடி அலமாரியில் ஒட்டி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நல்லா இருக்கிறது என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

“நல்லா இருக்குதுன்னு சும்னே சொல்லாத. எவ்ளோ இருக்குதுன்னு சொல்லு.”

இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றாலும் இதே பதில்தான், மழை நன்றாகப் பெய்தது என்றாலும் இதே பதில்தான்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. பியூலாவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படும்வரை.

பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் காலை வண்டியில் பழகியவர்கள்தான். பியூலா ஊரிகத்தில் ஏறுவாள், நான் கோரமண்டலில் ஏறுவேன். ஒரு ஸ்டேஷன் முன்னால் ஏறுகிறவள் என்பதால் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். முதலில் கைப்பையை வைத்து இடம் பிடித்தாள். பிறகு சாப்பாட்டு டப்பாவை வைத்தாள். இரண்டாவது வருடம் அந்த டப்பாவுக்குள் எனக்கும் சேர்த்தே சோறு இருந்தது. பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். தெரிய வேண்டிய ஒருவருக்கு மட்டும் தெரியாது.

அக்கா ஏற்கெனவே ஐந்து மாப்பிள்ளைகளை ரிஜக்ட் செய்திருந்தார். ஒருவர் ஷூவில் முன்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டிருந்தார். இன்னொருவர் எந்த நிறுவனத்தில் என்ன வேலை என்று மூன்று தடவை கேட்டும் மூன்று விதமாகச் சொன்னார். ஒருவர் காபி குடித்துவிட்டு டம்ளரை மேஜையின் ஓரத்தில் வைத்தாராம். “கை பட்டா விழும்னு தெரியாதா அந்தாளுக்கு? நாளைக்குக் குழந்தைய எங்க வைப்பான்?” என்றாராம் அக்கா. சிரிக்காதீர்கள். அம்மா இறந்தபோது பியூலாவுக்கு ஆறு வயது, அக்காவுக்கு இருபது. தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சலில் கண்விழித்து வளர்த்ததெல்லாம் அக்காதான். தனக்கென்று வந்த வரன்களை அவர் பார்க்கக்கூட இல்லை. தங்கைக்கு வந்தவர்களைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்திருந்தது.

பெண் கேட்டு முதல் தடவை அந்த வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, ஷூவுக்குப் பின்பக்கமும் பாலிஷ் போட்டுக்கொண்டு போனேன். டம்ளரை மேஜையின் நட்டநடுவில் வைத்தேன்.

“வேலை எப்படி தம்பி?”

“நல்ல வேலைங்க அக்கா.”

“நல்லான்னா எவ்ளோ?”

போச்சு என்று நினைத்தேன். ஆனால் சிவப்பும் வரவில்லை, பச்சையும் வரவில்லை. சன்னல் பக்கம் உட்கார்ந்து விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த அவர் அப்பாவைக் காட்டினார்.

பெரியவர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தமங்கலம் ஏரியில் கெண்டை பிடிப்பதுதான் அவருக்கு உயிர். தூண்டில் நரம்பு சுற்றும் ரீலும் கிடையாது, கழியும் கிடையாது. வெறும் நைலான் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுப்பார். பெரிய கெண்டை இழுத்தால் நரம்பு விரலை அறுத்துவிடும். சர்க்கரை உள்ள உடம்பு, புண் சீக்கிரம் ஆறாது. இனிமேல் கையால் இழுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“ஈஸ்டர் மண்டே சபை பிக்னிக் ஏரியிலதான். அதுக்குள்ள அப்பாவுக்கு ஒரு ரீல் வாங்கணும். ரொம்ப வெலையும் ஆகக் கூடாது, ரெண்டு மாசத்துல பல்லு இளிக்கவும் கூடாது. சிவாஜி நகர்ல கடை இருக்குதாமே. சனிக்கிழமை நான் வரேன். நீங்களும் வாங்க.”

மறுநாள் வண்டியில் பியூலா சொன்னாள். “செக் பண்றது ரீலை இல்ல. உன்னைத்தான்.”

பரீட்சைக்கே நான் அப்படிப் படித்ததில்லை. போகும்போது இரண்டு மணி நேரம், வரும்போது இரண்டு மணி நேரம், போனில் மீன்பிடி வீடியோக்கள். பெட்டியில் இருந்தவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் பங்காருப்பேட்டை வரைக்கும் எல்லோருக்கும் ரீலைப் பற்றி ஓரளவு தெரிந்துவிட்டது. உள்ளே எத்தனை பேரிங் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கைப்பிடி ஆடக் கூடாது. நரம்பு சுற்றும் உருளை நூறு மீட்டருக்குக் குறையாமல் தாங்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அதன் பிரேக். உருளையின் தலையில் ஒரு திருகு இருக்கும். கெண்டை வெறிகொண்டு ஓடும்போது, நரம்பு அறுவதற்கு முன்பே அந்த பிரேக் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். மீன் ஓடி ஓடிக் களைத்த பிறகு இழுக்க வேண்டும். வழுக்காத பிரேக் கெண்டைக்கு ஆகாது.

சனிக்கிழமை போனோம். கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பாய். அக்கா கைப்பையைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தார், ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வைத்தார், பிறகு ஒரு வில்தராசையும் எடுத்து வைத்தார். பாய் என்னைப் பார்த்து, “அம்மா கவர்மென்டா?” என்று மெதுவாகக் கேட்டார்.

முதல் ரீல் பொன் நிறம். அட்டையில் ஏகப்பட்ட பேரிங். அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். கடகடவென்றது. ரிஜக்ட். எனக்குள் ஒரு சின்னப் பெருமை, நான் படித்தது சரிதான்.

இரண்டாவது கறுப்பு ரீல். அலங்காரம் ஒன்றும் இல்லை. கைப்பிடி அசையவில்லை, சுற்றினால் சத்தமே இல்லை, கைப்பிடியை வலப்பக்கமும் மாட்டலாம், இடப்பக்கமும் மாட்டலாம். விலையும் கைக்கு அடக்கம். இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சோதித்துப் பார்க்கக் கடையில் சுற்றியிருந்த தடித்த நரம்பின் முனையை அக்கா வில்தராசில் மாட்டி இழுத்தார். முள் இரண்டு கிலோவுக்கு வந்ததும் உருளை ‘ட்ர்ர்ர்’ என்று சுற்றி நரம்பை விட்டது.

அக்காவின் முகம் சுருங்கியது. திருகை முழுக்க இறுக்கி மறுபடி இழுத்தார். ஐந்து கிலோவில் மறுபடியும் ‘ட்ர்ர்ர்.’

“கிளட்ச் ஸ்லிப் ஆவுது. ரிஜக்ட்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. மலைச்சரிவில் நிற்கிற ராட்சத இயந்திரத்தில் கிளட்ச் வழுக்கினால் என்ன ஆகும்? வாழ்நாள் முழுக்க அவர் தேடித் தேடிப் பிடித்த குற்றமே அதுதான்.

மூன்றாவது ரீலின் பிரேக் இறுகிப்போய்க் கிடந்தது. எட்டு கிலோ வரை இழுத்தார், அசையவில்லை. அக்காவின் முகம் மலர்ந்தது.

“இது பாருங்க, எப்படிப் பிடிச்சினு இருக்குது. பாஸ்.”

பாய் வாயைத் திறந்தார். “அம்மா, கெண்டைக்கு அது கொஞ்சம் ஓடணும்…”

“ஓடுனா அதுக்குப் பேரு பிரேக்கா பாய்?”

பாய் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார். “நீங்க இன்னா சொல்றீங்க தம்பி?”

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வாரம் படித்த பதில். ஆனால் பியூலாவின் முகம் கண் முன்னால் வந்தது. ரிஜக்ட் ஆன ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள், ஆறாவதாக எனக்கு ஒரு இடம் காலியாக இருந்தது.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அக்கா.”

வெட்கம்கெட்ட பதில். பாய் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

ஈஸ்டர் மண்டே அன்று இரண்டு டெம்போவில் சபையே ஏரிக்கரைக்கு வந்துவிட்டது. மரத்தடியில் பிரியாணி, பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம். பெரியவர் புதுக் கழியில் புது ரீலை மாட்டி, ராகி மாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையைக் கொக்கியில் வைத்து வீசினார். விரலில் துணி இல்லாமல் அவர் மீன் பிடிப்பதைப் பார்த்து அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் மட்டும், கர்த்தாவே, இன்று ஏரியில் இருக்கிற கெண்டை எல்லாம் வயிறு நிறைந்து தூங்கட்டும் என்று ஜெபம் செய்துகொண்டிருந்தேன்.

கேட்கப்படவில்லை. கழி வில்லாக வளைந்தது. பெரியவர் “வந்துச்சு!” என்று கத்தினார். பிரியாணித் தட்டோடு எல்லோரும் ஓடி வந்தோம். தண்ணீருக்கு மேல் ஒரு தடவை புரண்டது. கைக்குழந்தை அளவு இருக்கும், மஞ்சள் வயிறு வெயிலில் மின்னியது. பிறகு ஏரி நடுவைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. ரீல் ஒரு விரற்கடைகூட விட்டுக்கொடுக்கவில்லை. ‘டப்.’ நரம்பு அறுந்தது.

பெரியவர் காலிக் கழியோடு நின்றார். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நரம்பு மட்டம், கொக்கி சின்னது, அவர் அவசரப்பட்டுவிட்டார். அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. மீதி நரம்பை வில்தராசில் மாட்டி, அறும்வரை இழுத்துப் பார்த்தார். நான்கு கிலோவில் அறுந்தது. ரீலைப் பார்த்தார். அறுந்த நரம்பைப் பார்த்தார்.

“யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுது,” என்றார் சத்தமாக. “நாலு கிலோ நரம்புக்கு எட்டு கிலோ பிரேக் பாஸ் பண்ணி கீறேன். அந்தக் கறுப்பு ரீல்தான் சரி. பாய் சொல்ல வந்தாரு, நான் வாய அடைச்சிட்டேன்.”

அக்கா தப்பு என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குத் தெரியுமா தம்பி?”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பியூலா தலையைக்கூட அசைத்தாள், அப்படியே சொல்லிவிடு என்று. ஆனால் அத்தனை பேர் நடுவில் ‘தப்பு என்னுது’ என்று சொல்லிவிட்டு நிற்கிறவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

“தெரியும் அக்கா.”

“எப்போ?”

“கடையிலயே.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா என்னை ரிஜக்ட் பண்ணிடுவீங்கன்னு…”

எங்கள் காதல் சபைக்கு அறிவிக்கப்பட்டது இப்படித்தான். அக்கா கைப்பைக்குள் கையை விட்டார். பியூலா கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். நெஞ்சுப் பக்கம் ஏதோ உரசியது. திறந்து பார்த்தால், என் வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு மஞ்சள் கோடு.

“மஞ்சள்னா இன்னா?” என்று யாரோ கேட்டார்கள்.

பெரியவர் மீன் போன துக்கத்தை மறந்து சிரித்தார். “திருத்தி எடுத்துனு வந்தா மறுபடியும் பாப்பாங்க.”

அடுத்த சனிக்கிழமை தனியாகச் சிவாஜி நகர் போனேன். என்னைக் கண்டதும் பாய், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கறுப்பு ரீலை எடுத்து மேஜைமேல் வைத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அக்கா அதற்கு வில்தராசு வைத்து, ஒன்றரைக் கிலோவில் வழுக்குகிற மாதிரி திருகை நிறுத்தி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பத்து நாளில் பெரியவர் மூன்று கிலோ கெண்டையோடு ஏரியிலிருந்து வந்தார். ரீல் ‘ட்ர்ர்ர்’ என்று பாடியதை அவரே வாயால் செய்து காட்டினார். ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அக்காவே வைத்த மீன் குழம்பு. எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்குது?”

பியூலா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பெரியவர் தட்டைப் பார்த்துக்கொண்டார். எனக்கும் ஆசைதான், நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போக. ஆனால் எனக்கில்லை, சட்டைக்குத்தான் மஞ்சள் கோடு என்று நினைத்துக்கொண்டிருந்தால் நான் முட்டாள்.

“புளி ஜாஸ்தி அக்கா.”

“எவ்ளோ?”

“அரை நெல்லிக்காய் அளவு.”

பெரியவர் மெதுவாக, “நானும் இருவது வருஷமா சொல்லலாம்னு பாக்கறேன்” என்றார்.

அக்கா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றார்.

“அரை இல்ல. ஒண்ணு,” என்றார். பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். “நாளைக்கு லீவு போட முடியுமா உன்னால? பாஸ்டரப் போய்ப் பாக்கணும்.”

அதுவரை நீங்க, வாங்க என்றுதான் என்னோடு பேசியிருந்தார். ‘உன்னால’ என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டேன். முள் குத்திவிட்டது என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாஸ்டர் வாசித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த இடைவெளியில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். முதல் ஞாயிறு பாஸ்டர் நிறுத்தியதும் கோயில் முழுக்க மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்கா பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஞாயிறும் அப்படியே.

மூன்றாவது ஞாயிறு பாஸ்டர் வாசித்தார், நிறுத்தினார். அக்கா எழுந்து நின்றார்.

என் பக்கத்தில் இருந்த அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“தடை ஒண்ணும் இல்ல பாஸ்டர். நான் பாத்துட்டேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு கணம் கழித்துக் கோயிலே சிரித்தது, பின் வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள். பியூலா அழுதுகொண்டிருந்தாள். தடை இருக்கிறது என்று சொல்ல எங்கள் சபையில் யாராவது எப்போதாவது எழுந்தார்களோ என்னவோ, தெரியாது. தடை இல்லை என்று சொல்ல எழுந்தவர் அவர் ஒருவர்தான்.